அமெரிக்காவில் போதைப்பொருள் வழக்குகளுக்கான கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையை ஏன் மாற்றச் சொல்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், அந்தச் சட்டம் ஆளைவிட போதைப்பொருளின் எடையைத்தான் பார்க்கிறது. 1986-இல் அவசர அவசரமாக நிறைவேற்றிய கூட்டாட்சிச் சட்டப்படி, 5 கிராம் கிராக் கொகெய்ன் விற்றால் குறைந்தது 5 ஆண்டு சிறை. தூள் கொகெய்ன் என்றால் அதே தண்டனைக்கு 500 கிராம் வேண்டும். இரண்டும் ஒரே போதைப்பொருளின் இரண்டு வடிவங்கள்தான்! கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010-இல் அந்த 5 கிராமை 28 ஆக்கினார்கள். 2018-இல் அந்தத் திருத்தம் பழைய கைதிகளுக்கும் பொருந்தும் என்றார்கள். சரி, இடைவெளி குறைந்தது, ஆனால் போகவில்லை.

என்னைக் கேட்டால் பெரிய சிக்கல் வேறு. அந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது என்று நீதிபதியின் கையைக் கட்டிவிட்டதால் அதிகாரம் அரசு வழக்கறிஞரிடம் போய்விட்டது. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று முடிவெடுப்பவர் அவர்தானே. "குற்றத்தை ஒப்புக்கொள், இல்லையென்றால் 10 ஆண்டுப் பிரிவு" என்றால் யார் துணிந்து விசாரணைக்குப் போவார்? அப்புறம், துப்புக் கொடுத்தால் தண்டனை குறையும் என்று ஒரு வழி உண்டு. கும்பலை நடத்தியவனிடம் சொல்ல நிறைய இருக்கும். பொட்டலம் சுமந்தவனுக்கு என்ன தெரியும்?

சீர்திருத்தம் என்றால் விடுதலை என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. உச்சவரம்பு அப்படியே இருக்கும். கீழ்வரம்பை மட்டும் நீதிபதி முடிவு செய்யட்டும் என்பதுதான் கோரிக்கை.