புறப்புண்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து இம்பால் போருக்குப் போனவர். அவருக்குக் காயம் முதுகில். "ஓடும்போது பட்டது" என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. அத்தை மட்டும் அழுவார். ஆவணங்களில் தாத்தாவின் பெயரை எங்கே தேடுவது?
க., பெகு, பர்மா

அன்புள்ள தம்பிக்கு,

தில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன, எழுதிக் கேளுங்கள். என்னால் தாங்க முடியாதது, அந்த உறவினரின் சொல்லைக் கேட்டு நீங்கள் எல்லோரும் வாய் மூடிக்கொண்டதுதான்.

வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புறப்புண் பட்டு, அதற்கு நாணி வடக்கிருந்து, உண்ணாமல் உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனின் கதையைக் கேட்டு வளர்ந்ததால், புண் எந்தப் பக்கம் என்பதே நமக்கு முதல் கேள்வியாக இருக்கிறது. அவனைப் பாடிய புலவரோ, அந்த வேல் முன்புறம் குறித்து எறியப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அதை நாம் மறந்துவிட்டோம்.

1944 ஜூலையில் இம்பாலிலிருந்து திரும்பியது மேலிடத்து ஆணையால். கொட்டும் மழையில், மலேரியாவும் சீதபேதியும் பசியுமாக, பர்மா எல்லை ஊரான தமுவிலிருந்து கபோ பள்ளத்தாக்கின் சேற்றில் சிந்த்வின் ஆற்றை நோக்கி நடந்தவர்கள்மேல் விமானங்கள் வந்து சுட்டன. இந்திய எல்லைக்கு முதுகைக் காட்டி நடக்கச் சொல்லி ஆணையிட்டால், அங்கிருந்து வரும் குண்டு முதுகில் படாமல் வேறு எங்கே படும்?

என் பெரியப்பாவும் அந்த வழியில்தான் வந்தார். பர்மாவின் மேமியோ மருத்துவமனையில் கிடந்துவிட்டு, மறு வருடம் மே மாதம் ரங்கூனில் பிரிட்டிஷார் நுழைந்த பிறகு, மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் சேர்ந்தார். ஆற்றில் குளிக்கும்போதும் தோளில் துண்டைப் போர்த்தியிருப்பார். குளிருக்கு என்றே நாங்கள் நினைத்தோம். அவர் இறந்து குளிப்பாட்டியபோதுதான் தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத் தழும்பைக் கண்டோம். என் அப்பா அதன்மேல் கைவைத்து, "இதுக்காகவா அண்ணே?" என்று கேட்டுக் கதறினார். நாற்பது ஆண்டுகளாக அந்த மனிதரைத் துண்டுக்குள் ஒளியவைத்தது உங்கள் உறவினரைப் போன்றவர்களின் நாக்குதான்.

அத்தை அழுகிறார் என்றால், தகப்பனார் வாசலுக்கு வந்து நின்ற நாள் அவருக்கு நினைவிருக்கும். யார் அவரை முதலில் அடையாளம் கண்டார்கள், என்ன சாப்பிடக் கேட்டார், முதல் இரவு எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். தில்லிக்கு எழுதுவது அப்புறம் இருக்கட்டும்.