சைக்கிள் பந்தயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சாதாரண சைக்கிளில் ஓட்டி மாவட்டத்தில் இரண்டாவதாக வந்தேன். இனி ரோடு ரேஸில் இறங்க ஆசை. அப்பா கடன் வாங்கியாவது ஒன்றரை லட்ச ரூபாய்க்கு கார்பன் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? தினமும் 100 கிலோமீட்டர் ஓட்டினால் போதுமா? (க., திண்டிவனம்)

பதில்: கடன் வேண்டாம் தம்பி. இதை அப்பாவிடமும் படித்துக் காட்டு. சமதள ரோட்டில் 35 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் நீ மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும், அந்தக் காற்றும் பெரும்பாலும் மோதுவது உன் உடம்பின் மேல்தான், சைக்கிளின் மேல் அல்ல. கார்பனில் செய்த, ஒரு கிலோ எடை குறைந்த ஃப்ரேம் ஏற்காடு மலையில் உதவும், உங்கள் ஊர் ரோட்டில் அதனால் பெரிய லாபம் இல்லை. உலகப் போட்டிகளிலேயே சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது, அதனால் எடைக்காகப் பணத்தைக் கொட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. உன் உயரத்துக்குச் சரியான அளவில் பழைய அலுமினிய ரோடு பைக் ஒன்றைத் தேடுங்கள், வாங்கும் முன் ஃப்ரேமில் விரிசல் இருக்கிறதா என்று நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஹெல்மெட், பேட் வைத்த ஷார்ட்ஸ், நல்ல டயர், அப்புறம் ஒரு வருஷத்துக்கு முட்டை, பால், பழம். சீட் உயரத்தையும் கவனி: பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தினமும் 100 கிலோமீட்டர் என்று யார் சொன்னாலும் கேட்காதே. உன் வயதில், பள்ளிக்கும் போய்க்கொண்டு அப்படி ஓட்டினால் சில வாரங்களில் கால் கல்லாகிவிடும், தூக்கம் கெடும், பந்தயத்தன்று உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. உடம்பு பலமாவது ஓட்டும்போது அல்ல, ஓட்டிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கும்போதுதான். வாரத்தில் நான்கைந்து நாள் போதும். அதில் பெரும்பாலான நேரம் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓட்டு. இது மெதுவாகத் தெரியும், ஆனால் இதயம் பலப்படுவதும் தம் வளர்வதும் பெரும்பாலும் இந்த வேகத்தில்தான், இதில் பொறுமை இல்லாதவர்கள்தான் சீக்கிரம் காணாமல் போகிறார்கள். இரண்டு நாள் மட்டும் கடுமை: எட்டு நிமிஷம் மூச்சு வாங்க வாங்க மிதித்து, நாலு நிமிஷம் ஆற விட்டு, இப்படி நாலு முறை. மீதி நாட்களில் ஒரு நாளாவது சைக்கிளைத் தொடவே கூடாது. மிதிக்கிற பலத்தை அளந்து காட்டும் பவர் மீட்டர் இப்போது தேவையில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றை நீ கேட்கவே இல்லை. கூட்டமாக ஓட்டத் தெரியுமா? ரோடு ரேஸில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போனால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பலம் மிச்சமாகும். அந்த இடத்தைப் பிடிக்கத் தெரியாதவன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் கடைசி ஐந்து கிலோமீட்டரில் பின்தங்கிவிடுவான். திடீரென்று பிரேக் போடாமல், கோடு விலகாமல், குழி வந்தால் கையைக் காட்டி, தோள் உரசினாலும் பதறாமல் ஓட்ட வேண்டும். இதைத் தனியாகப் பழக முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவாக ஓட்டும் மூத்தவர்கள் புதுச்சேரியிலும் ஈசிஆர் பக்கத்திலும் இருக்கிறார்கள், அவர்களோடு போய்ச் சேர்ந்துகொள்.

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, மாநில அளவில் ஓட்டுகிறாள். மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை. எடை குறைந்தால் ஏற்றத்தில் வேகம் வரும், இது விளையாட்டுப் பெண்களுக்குச் சகஜம் என்று பயிற்சியாளர் சொல்கிறார். (ஒரு தாய், கோவை)

பதில்: சகஜம் இல்லை அம்மா. இந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். டாக்டர் மற்ற காரணங்களையும் பார்க்கட்டும், ஆனால் இப்படி எடையைக் குறைத்துக்கொண்டு ஓட்டும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சாப்பாட்டைத்தான். செலவாகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்த ஆரம்பிக்கும், மாதவிடாய் அதில் ஒன்று. அடுத்து அடி வாங்குவது எலும்பு. எலும்பு கெட்டிப்படுவதே இந்த வயதில்தான், இப்போது இழந்ததைப் பிறகு முழுதாகத் திரும்பப் பெறுவது கஷ்டம். ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்து குறைந்திருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும்.

வெறும் வயிற்றில் ஓட்ட அனுப்பாதீர்கள். காலையில் இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வழியிலேயே வேண்டும், ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது, கூடவே உப்புப் போட்ட சர்க்கரைத் தண்ணீர். வீடு திரும்பியதும் தாமதிக்காமல் வயிறாரச் சோறு, பருப்பு, முட்டை. டாக்டர் சரி என்று சொல்லும்வரை பந்தயம் வேண்டாம், ஒரு சீசன் போனால் போகட்டும். டாக்டர் சொன்ன பிறகும் எடையைக் குறை என்றே பேசினால் பயிற்சியாளரை மாற்றுங்கள்.

கேள்வி: இந்த விளையாட்டில் நம்மவர்களுக்கு எதிர்காலம் இருக்கிறதா? வேலை கிடைக்குமா? (வாசகர், மதுரை)

பதில்: இருக்கிறது. அந்தமான் நிக்கோபாரைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018-இல் ஜூனியர் உலக டிராக் போட்டியில் கெய்ரின் பிரிவில் (மோட்டார் வண்டியின் பின்னால் வேகமெடுத்து, அது விலகியதும் முந்தும் பந்தயம்) வெள்ளி வென்றார், அடுத்த ஆண்டே ஜெர்மனியில் நடந்த அதே போட்டியில் அவரையும் சேர்த்த இந்திய அணி, டீம் ஸ்பிரின்ட் என்னும் குழு வேகப் பந்தயத்தில் தங்கம் வாங்கியது. எரித்ரியா போன்ற சிறிய, வசதி குறைந்த நாட்டிலிருந்து வந்த பினியாம் கிர்மாய் பிரான்ஸில் பல நாள் நடக்கும் பெரிய பந்தயமான டூர் டி பிரான்ஸில் 2024-இல் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சியையும் வென்றார். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் வெலோட்ரோம், அதாவது டிராக் பந்தயத்துக்கான சரிவான சுற்றுப்பாதை, இருக்கிறது. முன்பு டிராக் பயிற்சி என்றாலே வெளிமாநிலத்துக்கு ரயில் ஏறணும், இப்போது அப்படியில்லை. வேலை என்றால் ரயில்வேயும் ராணுவமும் சைக்கிள் வீரர்களை எடுக்கின்றன, அதற்குத் தேசியப் போட்டிச் சான்றிதழ்கள்தான் பேசும். எனவே சைக்கிள் சங்கம் மூலம் பதிவு செய்து அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் ஓட்டுங்கள், படிப்பை விடாதீர்கள், சான்றிதழ்களை பத்திரமாக வையுங்கள். ஜிம்மில் யாராவது கொடுக்கிற பெயர் தெரியாத பவுடரைத் தொடாதீர்கள், ஊக்கமருந்து சோதனையில் தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொன்னாலும் தடையிலிருந்து தப்புவது கடினம்.