அண்ணன்மார் இருக்கையில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2024 செப்டம்பரில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் அரசர் தூஹேத்தியாவை அடக்கம் செய்த நாளில் அவருடைய 27 வயது மகள் அரசியானதைப் பற்றி ஒரு கட்டுரையில் நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் அதைச் சொன்னேன். “ரெண்டு அண்ணன் இருக்காங்கன்னு சொல்றியே, அவங்களுக்குக் கோபம் வராதாம்மா?” என்று கேட்டாள். பதில் தேடிப் படித்தபோது எனக்கு வேறொரு குழப்பம் வந்துவிட்டது. மாவோரிச் சபைகளில் பெரும்பாலும் ஆண்கள்தான் எழுந்து பேசுவார்களாமே. சபையில் பேச இடமில்லாத பெண் அரசியாக மட்டும் எப்படி ஆக முடிகிறது? இந்தப் பெண்கள் மரபை உடைத்து வந்தவர்களா, மரபு விட்ட வழியில் வந்தவர்களா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் உங்கள் மகளுக்குப் பதில். மாவோரி அரியணை மூத்த மகனுக்குத் தானாகப் போய்ச் சேரும் சொத்து அல்ல. 1858-இல் போத்தத்தாவு தே ஃபெரோஃபெரோவைப் பல குலங்கள் கூடி முதல் அரசராக்கின. அன்றிலிருந்து ஒவ்வொருவர் மறைந்ததும் தலைவர்கள் கூடித்தான் அடுத்தவரைத் தேர்கிறார்கள். வழிவழியாக அந்த ஒரே குடும்பத்திலிருந்தே தேர்ந்துவந்திருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் மூத்தவர் என்பதாலேயே யாருக்கும் உரிமை வந்துவிடுவதில்லை. 2024-இல் பன்னிரண்டு பேர் கொண்ட ஆலோசனை அவை கடைக்குட்டியை, ஒரே மகளைத் தேர்ந்தது. அவர் பெயர் ஙா வாய் ஹோனோ இ தே போ. (மாவோரியில் ‘ங’ சொல்லின் முதலிலேயே வரும். ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் திணறும் இந்த ஒலிக்கு நம்மிடம் எழுத்தே இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.) 1966 முதல் 2006 வரை நாற்பதாண்டுகள் அரசியாக இருந்த தே ஆத்தாயிராங்கிகாஹு இவருடைய பாட்டி. ஆக, அந்த வீட்டில் ஒரு பெண் அரியணையில் அமர்வது இது முதல் முறை அல்ல.

உங்கள் கேள்விதான் கடினமானது. சபையில் நடப்பதை முதலில் சொல்கிறேன். மாவோரிகள் கூடும் இடத்துக்கு மராய் என்று பெயர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வாசலில் நிற்பார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் கரங்கா எழுப்புவாள். நீளமாக, உரத்து, இறந்தவர்களையும் சேர்த்து விளிக்கும் அழைப்பு அது. வந்தவர்கள் பக்கத்திலிருந்தும் ஒரு பெண்தான் பதில் குரல் கொடுப்பாள். அந்தக் குரல்கள் எழாமல் யாரும் காலெடுத்து வைக்க முடியாது. அதன் பிறகுதான் ஆண்கள் எழுந்து பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் பெண்கள் எழுந்து பாடுவார்கள். பேசுகிறவர் எல்லை மீறினால் நடுவிலேயே பாட்டை எடுத்து அவரை உட்காரவைக்கவும் அவர்களால் முடியும். ஆண்கள் மட்டும் பேசுவதற்குச் சொல்லப்படும் காரணம் இது: வெளி முற்றம் போர்த்தெய்வமான தூவின் இடம். வருகிறவன் பகைவனாகவும் இருக்கலாம். குலத்தைச் சுமக்கும் கருப்பை உள்ளவளை அங்கே முன்னால் நிறுத்தக் கூடாது.

இந்த விளக்கத்தில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காவல் என்று தொடங்கியது வாய்ப்பூட்டாக மாறுவதை எல்லா நாட்டிலும் பார்க்கிறோம், மாவோரிகளிடமும் பார்க்கிறோம். அதே சமயம், இது எல்லா மாவோரிகளுக்குமான ஒரே விதியும் அல்ல. கிழக்குக் கடற்கரையில் ஙாத்தி போரோ, தே ஃபானாவு ஆ அப்பானுய் போன்ற குலங்களில் உயர்ந்த வழியில் பிறந்த பெண்கள் வெளி முற்றத்தில் எழுந்து பேசியிருக்கிறார்கள்.

அப்படிப் பேசியவர்களில் ஒருவர் மிஹி கோத்துகுத்துக்கு. ரோட்டோருவாப் பகுதியில், பெண்கள் பேசும் வழக்கமில்லாத தே அராவா குலத்தாரிடையே எழுந்து பேசினார். மீத்தா தாவுபோக்கி என்ற தலைவர் உட்காரச் சொல்லி அதட்டினார். மிஹி உட்காரவில்லை. பேசி முடித்தார். பிறகு இருவருடைய வம்சாவளியையும் அடுக்கினார்: நான் மூத்த கிளை, நீ இளைய கிளை, என்னை உட்காரச் சொல்ல நீ யார்? அதோடும் விடவில்லை. பாவாடையைத் தூக்கி, நீங்கள் வெளியே வந்த வழி இதுதான் என்று காட்டிவிட்டு அமர்ந்தார். அவருடைய மகன் பிற்காலத்தில் சொன்ன நிகழ்ச்சி இது.

உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய விடையும் இந்த நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. மிஹி அங்கே பெண்ணுரிமை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. மாவோரிகள் ஃபாகபாபா என்று சொல்லும் வம்சாவளியை, அந்தச் சபை எதைத் தன் அடித்தளமாகக் கொண்டிருந்ததோ அதையே எடுத்து, அவர்கள் முன்னால் வைத்தார். உங்கள் விதி முக்கியமா, அந்த விதிக்கும் முந்திய உங்கள் வேர் முக்கியமா என்று கேட்டார். அதற்கு அவர்களிடம் பதில் இருந்திருக்க முடியாது. இந்த வழியில் ஒரு குறை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். மூத்த கிளையில் பிறக்காத பெண்ணுக்கு இந்த வாதம் கைகொடுக்காது. அவள் பேசவே இல்லை, அதனால் அவள் பெயர் நமக்குத் தெரியாது.

இனி ஒரு சிறுமியைப் பற்றி. உங்கள் மகளுக்குச் சொல்வதானால் இவரைப் பற்றித்தான் சொல்வேன்.

வடகோடியில் ஹோக்கியாங்கா என்ற கடற்கழி இருக்கிறது. அதன் வடகரையில், தே ராராவா குலத்தில், 1895 டிசம்பரில் ஹோஹேபினே தே வாக்கே பிறந்தார். உலகம் பின்னால் ஃபினா கூப்பர் என்று அறிந்தவர். அப்பா ஹெரேமியா குலத்தலைவர், கத்தோலிக்க உபதேசியார். மகன்கள் இருந்தும் வம்சாவளியையும் குலவரலாற்றையும் இந்த மகளிடம் ஆர்வமாகச் சொல்லித் தந்தார். பிள்ளைக்குப் பேச்சில் சூடு இருப்பதை அவர் சிறுவயதிலேயே கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். நேப்பியர் நகரில் இருந்த மாவோரிப் பெண்கள் பள்ளிக்குப் போனார். படிப்பு முடிந்து வந்ததும், வேறொரு பெருங்குலத்தின் மூத்த தலைவருக்கு மணமுடிக்க அப்பா விரும்பினார். மகள் மறுத்துவிட்டாள்.

அவருக்குப் பதினெட்டு வயதளவில் இருக்கும். ஊருக்குப் பக்கத்துச் சேற்றுநிலத்தை அரசாங்கம் ஒரு வெள்ளை விவசாயிக்குக் குத்தகைக்கு விட்டது. அவர் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கத் தொடங்கினார். ஊராருக்கு அது சிப்பியும் மீனும் எடுக்கும் இடம், சேறு காய்ந்தால் குதிரை ஓட்டும் இடம். ஹெரேமியா நாடாளுமன்ற உறுப்பினர் மூலம் முறையிடப் போனார். அது நாளெடுக்கும். மகள் அதுவரை காத்திருக்கவில்லை. மண்வெட்டியோடு ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு போனார். விவசாயி வெட்ட வெட்ட இவர்கள் பின்னாலேயே போய் வாய்க்காலை மூடினார்கள். கடைசியில் குத்தகை ரத்தானது. தலைமை யாரிடம் இருக்கிறது என்று அன்று ஊர் பார்த்துக்கொண்டது. யாரும் அவருக்குப் பட்டம் கட்டவில்லை. வாய்க்கால் இருந்தது, அதை மூட ஒருவர் முன்னால் போக வேண்டியிருந்தது.

நேரான கதையாக இருந்தால் அதற்குப் பிறகு ஊர் அவரைத் தலையில் தூக்கிவைத்திருக்கும். அப்படி நடக்கவில்லை. 1917-இல் ரிச்சர்ட் கில்பர்ட் என்பவரை, நில அளவைக் குழுவில் வேலைபார்த்த வேற்றுக்குலத்தவரை, பெரியவர்களைக் கேட்காமல் மணந்தார். அடுத்த ஆண்டு விஷக்காய்ச்சலில் அப்பா போனார். அப்பா இருந்தவரை இருந்த பாதுகாப்பும் போயிற்று. கணவனும் மனைவியும் வீட்டை விட்டு வெளியேறி நிக்காவு ஓலைக் குடிசையில் குடியிருந்தார்கள். உங்கள் மகள் கேட்ட கோபம் இங்கே நிஜமாகவே இருந்தது. பிறகு பங்குத்தந்தை ஒருவர் கடன் கொடுக்க, ஃபினா அதே வீட்டையும் பண்ணையையும் கடையையும் விலைக்கு வாங்கினார். பிறந்த உரிமையில் கிடைக்காததைக் காசு கொடுத்து மீட்டார். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

ஃபினாவுக்கு முன்னோடியும் அதே பக்கத்தில், அதே குலத்தில் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. மேரி தே தாய் மங்ககாஹியா பாங்குரு என்ற ஊருக்கு அருகில் 1868-இல் பிறந்தவர். மாவோரிகள் தங்களுக்கென்று கூட்டிய நாடாளுமன்றத்தில் 1893 மே மாதம் எழுந்து பேசிய முதல் பெண் அவர்தான். பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்றார். அந்த நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமரவும் உரிமை வேண்டும் என்றார். நியூசிலாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை சட்டமானது அதே ஆண்டு செப்டம்பரில். மேரி சொன்ன காரணங்களைப் பாருங்கள்: எங்களில் கணவனை இழந்தவர்கள் உண்டு, நிலம் வைத்திருக்கும் பெண்கள் நிறைய உண்டு. எங்கள் தலைவர்கள் இங்கிலாந்து அரசியிடம் எத்தனையோ முறை முறையிட்டும் பலன் இல்லை. அரசியும் பெண்தானே, பெண்கள் முறையிட்டால் ஒருவேளை காது கொடுக்கலாம். இங்கேயும் வாதம் மாவோரி வழக்கத்திலிருந்துதான் பிறக்கிறது. நிலத்தில் பெண்ணுக்குத் தன் பெயரில் பங்கு உண்டு என்பது அவர்களுடைய வழக்கம். 1840-இல் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தில் ஒப்பமிட்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் குறைந்தது 13 பேராவது பெண்கள். வெள்ளையர்கள் கொண்டுவந்த சட்டமோ, திருமணமான பெண்ணின் சொத்து கணவனுடையது என்று நினைத்த உலகத்திலிருந்து வந்தது. ஆகவே மேரி எதிர்கொண்ட தடையில் எவ்வளவு பழையது, எவ்வளவு கப்பலில் வந்திறங்கியது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மாவோரி மரபின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

அதற்காக வெள்ளையர் மேல் மட்டும் பழிபோட்டுவிட்டும் நகர முடியாது. இளவரசி தே புவேயாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப்போரில் வைகாத்தோ குல இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்ப்பதை எதிர்த்து நின்றவர். 1918 கொள்ளைக்காய்ச்சலில் அநாதையான நூறு பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர். ஙாருவாவாஹியாவில் முள்மண்டிய நிலத்தைத் திருத்தித் தூரங்காவாய்வாய் மராயை எழுப்பியவர். இன்றைய அரசி அரியணை ஏறியது அந்த மராயில்தான். இவ்வளவும் செய்த தே புவேயா, 1949-இல் இரியாக்கா ராத்தானா நாடாளுமன்றத் தேர்தலில் நின்றபோது, தைனுய் படகுக்குத் தலைமையேற்க ஒரு பெண் நினைப்பதா என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். தைனுய் என்பது அவர்களுடைய முன்னோர் கடல் கடந்து வந்த படகு, அதன் பெயரே குலங்களின் பெயரும். இரியாக்கா ஜெயித்தார். நாடாளுமன்றத்துக்குப் போன முதல் மாவோரிப் பெண் அவர், இருபது ஆண்டுகள் இருந்தார். தே புவேயாவை இதற்காகக் குறைத்து மதிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வழியை வெட்டியவரே வழியில் நிற்கவும் கூடும் என்பதை மறைத்துவிட்டு உங்கள் மகளுக்குக் கதை சொல்லாதீர்கள். அவள் வளர்ந்த பிறகு தானே கண்டுபிடித்தால், நாம் சொன்ன மற்றவற்றையும் சந்தேகிப்பாள்.

ஃபினாவுக்குத் திரும்புகிறேன். 1951-இல் மாவோரிப் பெண்கள் நல அமைப்பின் முதல் தலைவரானார். ஆக்லாந்தில் வீடு வீடாகப் போய், மாவோரிக் குடும்பங்கள் எவ்வளவு நெரிசலில், எவ்வளவு மோசமான அறைகளில் வாழ்கின்றன என்று கணக்கெடுக்கவைத்தார். 1957-இல் அவர் பதவியிலிருந்து இறங்கியபோது அந்த அமைப்பு அவருக்குத் ‘தே ஃபாயெயா ஓ தே மோத்து’, நாட்டின் தாய், என்று பெயர் சூட்டியது.

பிறகு 1975. நிலம் கைவிட்டுப் போவதை எதிர்த்து, நாட்டின் வடகோடியில் உள்ள தே ஹாப்புவாவிலிருந்து தலைநகர் வெல்லிங்டனுக்கு நடைப்பயணம். ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். மாவோரி நிலத்தில் இன்னும் ஒரு ஏக்கர்கூடப் போகக் கூடாது என்பதுதான் முழக்கம். தலைமை ஏற்கச் சொல்லி எழுபத்தொன்பது வயதுக் கிழவியிடம் வந்தார்கள். ஆண்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், படித்தவர்கள், சபையில் பேசத் தகுதி பெற்றவர்கள். அவரிடம்தான் வந்தார்கள். செப்டம்பர் 14 அன்று புறப்பட்டார்கள். வழியெங்கும் மராய்களில் தங்கினார்கள், ஒவ்வொரு வாசலிலும் பெண்குரல் அழைக்க உள்ளே போனார்கள். அக்டோபர் 13 அன்று நாடாளுமன்ற வாசலை அடைந்தபோது கூட்டம் ஐயாயிரமாகியிருந்தது. கையில் அறுபதாயிரம் பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம்.

புறப்பட்ட அன்று எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. தேடி எடுத்து உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். கப்பிச் சாலை. தலையில் துணி கட்டிய ஃபினா, கைத்தடியோடு, நமக்கு முதுகைக் காட்டி நடந்துபோகிறார். இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பேத்தி.

அன்புடன்.