மூங்கிலும் ஆவியும்: ஜப்பான் பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். இலையுதிர் காலத்தில் ஜப்பான் செல்ல இருக்கிறோம். பயண முகவர் தந்த திட்டத்தில் ‘கைவினை அனுபவம், ஒரு மணி நேரம்’ என்று ஓர் ஊரிலும், ‘வெந்நீரூற்று, ஓர் இரவு’ என்று வேறோர் ஊரிலும் போட்டிருக்கிறார்கள். ஓடிக்கொண்டே இருக்க எங்களால் முடியாது. இரண்டையும் ஒரே ஊரில் நிதானமாகப் பார்க்க வழி உண்டா?
*– கோயம்புத்தூர் வாசகி*

பதில்: உண்டு. சொல்லப்போனால், இவ்விரண்டையும் பிரித்து வைத்ததுதான் முகவர் செய்த தவறு. ஜப்பானில் ‘தோஜி’ என்றொரு பழக்கம் இருந்தது. அறுவடை முடிந்து உடல் களைத்த உழவர்கள் அரிசியையும் மிசோ என்னும் சோயா விழுதையும் மூட்டை கட்டிக்கொண்டு வெந்நீரூற்று ஊருக்குப் போய், வாரக்கணக்கில் தங்கி, தாமே சமைத்துச் சாப்பிட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை குளித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்புவார்கள். அப்படித் தங்கியவர்களுக்குக் கூடை, முறம், கிண்ணம் போன்ற புழங்கு பொருள்களும், ஊர் திரும்பும்போது பிள்ளைகளுக்கு வாங்கிப்போக ஏதாவதொரு பொம்மையும் தேவைப்பட்டன. வடக்கே நாருகோ ஊற்று ஊரின் கோகேஷி மரப்பொம்மை, கிண்ணம் கடைந்துகொண்டிருந்த கடைசல்காரர்கள் இந்த வாடிக்கையாளர்களை நம்பிச் செய்ததுதான். தலையைத் திருகினால் கீச்சென்று ஒலிக்கும் அந்தப் பொம்மை இன்றும் அங்கே கடையப்படுகிறது. கினோசாகி என்னும் மற்றோர் ஊற்று ஊரில் சாயமேற்றிய வாற்கோதுமைத் தாளைப் பிளந்து, தட்டையாக்கி, மரப்பெட்டிகளின் மேல் கோலம்போல ஒட்டும் கலை இருக்கிறது. குளித்து உடல்நலம் பெற வந்த ஒருவர் ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் விடுதிச் செலவுக்காகச் செய்யத் தொடங்கியது அது என்பது ஊர்க்கதை.

உங்களுக்கு நான் சொல்லும் ஊர் பெப்பு. கியூஷு தீவின் கிழக்குக் கரையில், ஓயிட்டா மாகாணத்தில் இருக்கிறது. ஃபுகுஓகாவின் ஹகாட்டா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் சுமார் 2 மணி நேரப் பயணம். 2,000-க்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள் உள்ள ஊர் என்பதால், சாக்கடை மூடியின் இடுக்கிலிருந்துகூட ஆவி கிளம்புவதைப் பார்க்கலாம். ஊரின் புகழ்பெற்ற பொதுக் குளியல் கூடத்தின் பெயர் தாக்கேகவாரா, அதாவது ‘மூங்கில் ஓடு’. 1879-இல் முதலில் கட்டியபோது மூங்கிலால் கூரை வேய்ந்து, பிறகு ஓடு போட்டதால் அமைந்த பெயர் என்கிறார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1938-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குளியலும் மூங்கிலும் அந்த ஊரில் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இந்தப் பெயர் ஒன்றே போதும்.

பெப்பு மூங்கில் வேலைக்கு 1979-இல் நாட்டின் மரபுக் கைவினை என்ற ஏற்பு கிடைத்தது. அதற்கு முன்பே, 1967-இல், இவ்வூரின் ஷோனோ ஷோஉன்சாய் மூங்கில் கலையில் முதன்முதலாக ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற சிறப்பைப் பெற்றார். ஊரில் நகராட்சி நடத்தும் மரபு மூங்கில் கைவினை மையம் ஒன்று இருக்கிறது. முன்பதிவு செய்தால் சிறு கூடை ஒன்றை நீங்களே பின்னிப் பார்க்கலாம். போவதற்கு முன் விடுமுறை நாளை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூடையை நான் பின்னியிருக்கிறேன். என் முன்னே வைக்கப்பட்ட கீற்றுகள் ஏற்கெனவே யாரோ ஒரு கைவினைஞர் பிளந்து சீவியவை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘மாதாகே’ என்னும் மூங்கிலைக் காரச்சோடா கலந்த நீரில் வேகவைத்து எண்ணெய்ப்பசையை நீக்கி, பச்சை போய்த் தந்த நிறம் வரும்வரை வெயிலில் காயவைக்கிறார்கள். பிறகு கத்தியால் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்துகொண்டே போய், பக்கத்துக்கொன்றாக நட்டு நிறுத்திய இரண்டு கத்திகளின் இடைவெளியில் ஒவ்வொரு கீற்றையும் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே அகலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பயிற்றுநர் அந்தப் பிளத்தலை ஒருமுறை செய்து காட்டினார். கத்தி நுழைந்ததும் அவர் அதை அழுத்தவே இல்லை. பிளவு ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கினால், தடித்த பக்கத்தை மட்டும் விரலால் சற்று வளைத்தார். பிளவு தானாகவே நடுவுக்குத் திரும்பியது. நான் முயன்றபோது மூன்றாவது கணுவில் ஒரு பக்கம் நூலாகி அறுந்தது. அறுகோணக் கண்கள் கொண்ட அந்தச் சிறு கூடையைப் பின்னி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் விளிம்பைக் கட்டுவதற்கே போயிற்று. ஆகவே முகவர் சொல்லும் ‘ஒரு மணி நேர அனுபவம்’ என்பது பின்னலின் நடுப்பகுதி மட்டும்தான். போவதானால் ஒரு முழு முற்பகலை அதற்கென்று ஒதுக்குங்கள்.

மறுநாள் மலைச்சரிவில் உள்ள மியோபன் பகுதிக்குப் போங்கள். அந்தப் பெயரின் பொருள் படிகாரம். எடோ காலத்தில் (1603–1868) இங்கே படிகாரம் காய்ச்சினார்கள். வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து அந்தத் தொழில் நொடித்த பிறகு, அதே முறையில் ‘யுனோஹானா’ என்னும் குளியல் உப்பை விளைவிக்கத் தொடங்கினார்கள். விளைவிப்பது என்பதுதான் சரியான சொல். ஆவி கிளம்பும் தரையில் கல் பாவி, அதன்மேல் நீலச்சாயல் கொண்ட களிமண்ணைப் பரப்பி, வைக்கோல் கூரைக் குடிசையால் மூடிவிடுகிறார்கள். ஆவியும் மண்ணும் வினைபுரிந்து நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் படிகம் வளர, 40 முதல் 60 நாளில் அறுவடை செய்கிறார்கள். மழைநீர் உள்ளே சொட்டினால் படிகம் கரைந்துவிடும் என்பதால் கூரை வேய்வதே ஒரு தனிக்கலையாகிவிட்டது. இந்தத் தயாரிப்பு முறையை 2006-இல் அரசு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாப் பேருந்துகள் கூட்டத்தை இறக்கிவிடும் ‘நரகக் குளங்கள்’ என்னும் கொதிக்கும் ஊற்றுகள் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் அவற்றுக்கு அரைநாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவக் குடும்பம். வெந்நீரூற்று விடுதிகளில் மீன் இல்லாமல் உணவே இல்லை என்கிறார்களே?
*– மயிலாடுதுறை வாசகர்*

பதில்: ஓரளவு உண்மைதான். மீன் துண்டு தட்டில் இல்லாவிட்டாலும், காய்ந்த சூரைமீன் சீவலில் வடித்த ‘தாஷி’ சாறு சூப்பிலும், வேகவைத்த பூசணிக்காயிலும், தொட்டுக்கொள்ளும் குழம்பிலும் கலந்திருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் மீன் வரும்; ‘மீன் வேண்டாம்’ என்று சொன்னால் தாஷி வரும். எனவே அறை பதிவு செய்யும்போதே, ‘மீன் தாஷியும் கூடாது, கொம்பு என்னும் கடற்பாசியிலோ உலர்ந்த காளானிலோ வடித்த சாறு போதும்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பிப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே இரவில் பத்துப் பதினைந்து சிறு கிண்ணங்களில் வரிசையாக உணவு பரிமாறும் ரியோகான் என்னும் மரபு விடுதியில் கடைசி நேரத்தில் சொன்னால், அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் பசி.

இதைவிட எளிய வழி பெப்புவின் கன்னாவா பகுதியிலேயே இருக்கிறது. தோஜி காலத்து ‘கஷிமா’, அதாவது வாடகை அறை விடுதிகள் அங்கே இன்னும் சில உள்ளன. முற்றத்தில் ஊற்றின் ஆவி நேரே வந்து சேரும் கல்லடுப்புகள் இருக்கும். மூங்கில் தட்டில் சக்கரைவள்ளி, பூசணி, சோளம், முட்டைகோஸ் ஆகியவற்றை வைத்து மூடிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஆவியில் தாது உப்பு இருப்பதால் காயில் லேசாக உப்பு ஏறுகிறது. அந்த அடுப்பைப் பார்த்த நொடியில், இட்லித் தட்டைப் பெட்டியில் வைக்காமல் வந்தேனே என்றுதான் எனக்குத் தோன்றியது. அறை எடுக்காதவர்களும் கட்டணம் செலுத்தி ஆவியில் சமைத்துக்கொள்ளப் பொதுக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஆனால் அங்கே பக்கத்து அடுப்பில் இறால் வெந்துகொண்டிருக்கும் என்பதையும் எதிர்பார்த்தே போங்கள்.

கேள்வி: குளத்தில் ஆடையில்லாமல்தான் இறங்க வேண்டுமாமே? எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தாலி, மெட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா?
*– விருதுநகர் வாசகி*

பதில்: ஆம், ஆடையில்லாமல்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் தனித்தனிக் குளங்கள்தாம். வாசலில் தொங்கும் திரை வழக்கமாகப் பெண்கள் பக்கம் சிவப்பாகவும் ஆண்கள் பக்கம் நீலமாகவும் இருக்கும். சில விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இரு பக்கங்களையும் மாற்றிவிடுவார்கள் என்பதால், நேற்று போன பழக்கத்தில் நுழையாமல் ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள். பொதுக்குளத்தில் இறங்க மனம் ஒப்பவில்லை என்றால், 45 நிமிடம் ஒரு மணி நேரம் என்று வாடகைக்குக் கிடைக்கும் குடும்பக் குளியலறையைக் கேளுங்கள். கதவைத் தாழிட்டுக்கொண்டு நிம்மதியாகக் குளிக்கலாம். பெப்புவில் அப்படிப்பட்டவை நிறைய.

குளம் உடலைச் சுத்தம் செய்யும் இடம் அன்று. ஓரத்தில் உள்ள சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு, நுரை முழுவதும் போக அலசிய பிறகுதான் இறங்க வேண்டும். தலைமுடி நீரில் படக் கூடாது. சிறு துண்டும் படக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் முதலில் தேய்த்துப் போக்கிவிடுங்கள். நம் வீட்டு எண்ணெய்க் குளியலை நினைத்துக்கொண்டு இங்கே வரக் கூடாது. பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. ஆனால் கினோசாகியின் ஏழு பொதுக் குளியல் கூடங்களிலும் அந்தத் தடை இல்லை.

நகை விஷயம் முக்கியமானது. கந்தகம் கலந்த நீர் வெள்ளியைக் கறுக்கவைக்கும். மெட்டி, கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். நான் மியோபனில் மறந்துபோய் மெட்டியோடு இறங்கினேன். ஏறும்போது அது இரும்பு நிறமாகியிருந்தது. ஊருக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்த பிறகுதான் பழைய வெள்ளியானது. தங்கம் அப்படிக் கறுப்பதில்லை. ஆனாலும் அதில் கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும் மங்கக்கூடும் என்பதால், தாலியைக் கழற்ற விரும்பாதவர்கள் கந்தகமில்லாத ஊற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. எந்த ஊற்றில் என்ன தாது என்பதை உடை மாற்றும் அறைச் சுவரிலேயே எழுதி மாட்டியிருப்பார்கள்.

கேள்வி: ஹோட்டல் குழாயில் வரும் வெந்நீருக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
*– மதுரை வாசகர்*

பதில்: சட்டப்படியே வேறுபாடு உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலத்திலிருந்து வெளிவரும்போதே குறைந்தது 25 டிகிரி செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது உரிய அளவில் கலந்திருக்க வேண்டும். அப்படியானால்தான் அது ‘ஒன்சென்’, அதாவது வெந்நீரூற்று.

கேள்வி: அரக்குக் கிண்ணம் வாங்க ஆசை. எது அசல் என்று எப்படி அறிவது? உடைந்த பாண்டத்தைத் தங்கத்தால் ஒட்டும் ஒருநாள் பயிற்சியிலும் சேரலாம் என்று நினைக்கிறேன்.
*– சென்னை வாசகி*

பதில்: அதற்கு ஏற்ற ஊற்று ஊர் இஷிகாவா மாகாணத்தின் யாமானாகா. ‘கடைசலுக்கு யாமானாகா, பூச்சுக்கு வாஜிமா, பொன் ஓவியத்துக்குக் கனாசாவா’ என்று அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கு உண்டு. 1689-இல் கவிஞர் பாஷோ பல நாள் தங்கிக் குளித்த ஊரும் இதுதான். 2024 மார்ச் முதல் ஷின்கான்சென் அதிவேக ரயில் அருகிலுள்ள காகா ஒன்சென் நிலையத்தில் நிற்கிறது. வழக்கில் வரும் வாஜிமா, 2024 புத்தாண்டு நாளில் வந்த நிலநடுக்கத்தாலும் தீயாலும் பெரும் சேதமடைந்த ஊர். அங்கே செய்த பொருள் எங்கேயாவது கண்ணில் பட்டால் வாங்குவது ஓர் உதவி.

நாம் அரக்கு என்று சொன்னாலும், அவர்களுடைய ‘உருஷி’ பூச்சி தரும் அரக்கு அன்று, மரத்தின் பால். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரத்தைக் கீறினால் ஒரு பருவம் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 200 கிராம்தான் கிடைக்கும். வெயிலில் வைத்தால் உலராது. ஈரப்பதம் மிகுந்த பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். அதனால் அசல் உருஷியில் உடைந்த பாண்டத்தை ஒட்டிப் பொன் தூவி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஒரே நாளில் கையில் கொடுத்தனுப்பும் பயிற்சிகளில் பெரும்பாலும் செயற்கைப் பசைதான் பயன்படுகிறது. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்யும் பூச்சும் உண்டு. விளையாட்டாகச் செய்து பார்ப்பதில் தவறில்லை; ஆனால் ஒட்டிய கோப்பையில் குடிக்கலாமா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். அசல் உருஷிப் பயிற்சி கிடைத்தால் கையுறை கட்டாயம். மா, முந்திரி, சேராங்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. சேராங்கொட்டைப் பால் பட்டால் என்ன ஆகும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள். நன்றாக இறுகிய பின் அதே பூச்சு தீங்கில்லாததாகிவிடுகிறது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: உள்ளுடல் மரமா, பூச்சு உருஷியா? யாமானாகாவிலேயே பிளாஸ்டிக் உடலில் செயற்கைப் பூச்சு அடித்த கிண்ணங்களும் மலிவாக, மறைக்காமல் விற்கப்படுகின்றன. பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு விவரமும் இருக்கும். கடைக்காரரிடம் காட்டினால் படித்துச் சொல்வார். பேரம் பேச வேண்டாம், அங்கே அந்த வழக்கமில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பின் சூடான ரசத்தைத் தாராளமாக ஊற்றிக் குடிக்கலாம். கம்பி நாரும் மைக்ரோவேவும் மட்டும் ஆகாது. வறட்சி அதற்குப் பகை என்பதால், ஏசி அறையின் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்காமல் அவ்வப்போது எடுத்துப் புழங்கி, கையால் கழுவித் துடைத்து வையுங்கள்.