ஹெபடைடிஸ் சி: மருத்துவ ஆய்வில் சேருவது என்றால் என்ன?

ஒரு மருந்து மனிதர்களிடம் எப்படி வேலை செய்கிறது, என்ன தொந்தரவு தருகிறது என்று கண்காணிப்போடு பார்ப்பதுதான் மருத்துவ ஆய்வு. கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி-க்கு இன்றுள்ள மாத்திரைகளே பெரும்பாலும் 8 முதல் 12 வாரத்தில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களைக் குணமாக்குகின்றன. அப்புறம் ஆய்வு எதற்கு? முதல் சிகிச்சை பலிக்காதவர்களும், ஈரல் ரொம்பவே கெட்டுப்போனவர்களும் மீதம் இருக்கிறார்களே.

சேரும் முன் ரத்தப் பரிசோதனை, ஈரலின் நிலை, நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாம் பார்ப்பார்கள். ஈரலைத் தாக்கும் இன்னொரு வைரஸ் நோயான ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்பது முக்கியம். சி அடங்கும்போது பி தலைதூக்கலாம். சேருவதற்கான நிபந்தனைகள் இவ்வளவு கறாராக இருப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பாத்தியில் இரண்டு ரக விதை போட்டு ஒப்பிட வேண்டுமென்றால், மண்ணும் தண்ணீரும் ஒரே மாதிரி இருந்தால்தானே வித்தியாசம் விதையால் வந்தது என்று சொல்ல முடியும்?

மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் தென்படாவிட்டால்தான் குணம் என்று கணக்கு. ஆகவே, உடம்பு தேறிவிட்டது என்று அந்தக் கடைசிப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஆய்வில் சேர ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மாட்டிக்கொண்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மாத்திரையை நிறுத்தும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.