மோஹோஸ் மேடுகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொலிவியாவின் மோஹோஸ் சமவெளியில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிர் வளர்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வருடத்தில் பல மாதம் வெள்ளத்தில் கிடக்கும் புல்வெளி அது. கிழங்கெல்லாம் மட்கிப்போயிருக்காதா? லைடாரில் (விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி நிலத்தின் மேடுபள்ளத்தை அளக்கும் முறை) தெரிந்த ஊர்களை வைத்தா இப்படிச் சொல்கிறார்கள்?

செ.கு., மன்னார்குடி

அன்புள்ள செ.கு.,

லைடார் விஷயம் வேறு. 2022இல் செய்தியில் அடிபட்ட கொட்டோகா, லாண்டிவார் இரண்டும் கசரபே பண்பாட்டு ஊர்கள், கி.பி. 500 முதல் 1400 வரை. நான் சொன்னவர்கள் அவர்களுக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டு மூத்தவர்கள். இருவரையும் ஒரே பத்தியில் போட்டுக் குழப்பியது நான்தான்.

கிழங்கு மட்கித்தான் போகும். மட்காதது சிலிக்கா. செடி தண்ணீரோடு உறிஞ்சும் சிலிக்கா அதன் செல்களில் தங்கி, கண்ணாடிப் பொடிபோல இறுகிவிடுகிறது. நெல்தாள் கையை அறுக்கிறதே, அந்தச் சரக்குதான். செடி அழுகினாலும் பொடி மண்ணில் கிடக்கும். பூசணிக்கு ஒரு வடிவம், மக்காச்சோளத்துக்கு இன்னொன்று; மைக்ராஸ்கோப்பில் பிரித்தறியலாம். அங்கே ஆய்வு செய்த உம்பெர்த்தோ லொம்பார்டோ குழுவினர் 2020இல் வெளியிட்ட கணக்கில் மரவள்ளி சுமார் 10,350 ஆண்டுகளுக்கு முன், பூசணி 10,250, மக்காச்சோளம் 6,850.

இந்தப் பொடி கிடைத்தது காட்டுத்தீவுகளில். புல்வெளி நடுவே திட்டுத்திட்டாக மரம் நிற்கும் சிறு மேடுகள் அவை. மனிதக் கையால் உருவானவை மட்டும் 4,700க்கு மேல் என்கிறார்கள். புல்வெளியில் மழைக்காலத்தில் வேர் மூச்சுமுட்டும்; வறண்ட காலத்தில் களிமண் வெடிக்கும், புல் தீப்பிடிக்கும். கொஞ்சம் உயரம் இருந்தால் போதும், மரம் தப்பிக்கும். இஸ்லா தெல் தெசோரோ, அதாவது புதையல் தீவு என்ற மேட்டைத் தோண்டினால் உள்ளே கிடந்த புதையல் நத்தை ஓடு! அந்த ஓட்டின் சுண்ணாம்பு ஊறித்தான் அங்கே புதைத்த மனித எலும்புகள்கூடக் கரையாமல் நின்றன. உங்கள் பக்கத்து வயல் நத்தைக்கு உறவுக்கார நத்தை அது.

மேட்டைத் திட்டமிட்டுக் கட்டினார்களா? எனக்கென்னவோ ஓடு, சாம்பல், தின்றுபோட்ட எலும்பு எல்லாம் சேர்ந்த குப்பைமேட்டில்தான் முதல் தோட்டம் எழுந்தது என்று தோன்றுகிறது. எருக்குழி ஓரத்தில் பூசணி தானாகப் படர்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஏர், வரப்பு, வயல் என்று கற்பனை செய்ய வேண்டாம். அவர்கள் மீன் பிடித்தார்கள், வேட்டையாடினார்கள், நத்தை பொறுக்கினார்கள். மரவள்ளி கொல்லையில் நின்றது.