கபடியை விட்டு ஓட்டத்துக்கு மாறலாமா? மூட்டு, ஜவ்வு, தலைக்காயம் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

32 வயசு, 84 கிலோ. பத்து வருஷமா கார்னர்ல நின்னு பிடிச்சேன். இனிமே ஓட்டம் மட்டும் போதும்னு பாக்குறேன். ஓடினா மூட்டு தேஞ்சிடும்னு அப்பா பயமுறுத்துறார். உண்மையா சார்?

பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது. இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடம்புக்காக ஓடுபவர்களில் 3.5%, ஓடாமல் இருப்பவர்களில் 10.2%, போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3%. மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுவார்கள் என்பதால் முதல் எண் கொஞ்சம் அழகாகத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் "ஓடினாலே தேயும்" என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு சுமை காலில் இறங்கும். ஆனால் அது நேராக இறங்குகிறது. பழகப் பழக மூட்டு அதைத் தாங்கக் கற்றுக்கொள்ளும். கபடியில் கால் ஆடுகள விரிப்பில் ஊன்றியிருக்க, கணுக்காலை ஒருவர் பிடிக்க, உடம்பு வேறு பக்கம் திரும்புகிறது. ஜவ்வு அறுவது அந்த நொடியில்தான். ஜவ்வு அறுந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பத்து முதல் இருபது வருடங்களில் தேய்மானம் வருகிறது. அப்பா பயப்பட வேண்டியது ஓட்டத்தைப் பார்த்து அல்ல.

சரி சார், எப்படி ஆரம்பிக்க? மூச்சு நல்லா இருக்கு, முதல் நாளே 5 கிலோமீட்டர் போயிடுவேன்.

போய்விடுவீர்கள், அதுதான் ஆபத்து. கபடி பாடிப் போய்வரும் 30 விநாடிக்கு உங்கள் நெஞ்சும் தொடையும் தயார். அரை மணி நேரம் ஒரே மாதிரி அடி வாங்க முன்னங்கால் எலும்பும் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருப்பது) குதிகால் நாணும் (தசையை எலும்போடு சேர்க்கும் நார்) தயார் இல்லை. மூச்சு சில வாரங்களில் ஏறும், எலும்புக்கும் நாணுக்கும் மாதங்கள் ஆகும். கபடி ஆட்கள் மூன்றாவது வாரத்தில் நொண்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

வாரம் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. 5 நிமிடம் வேக நடை. பிறகு 1 நிமிடம் மெதுஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 தடவை. இரண்டு வாரம் வலி இல்லாமல் முடிந்தால் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 தடவை. பத்தாவது வாரத்தில் நிற்காமல் 30 நிமிடம் வந்தால் போதும். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தைக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். முழங்கால் முணுமுணுத்தால் அடி வைக்கும் தூரத்தைச் சுருக்கி, நிமிடத்துக்கு விழும் அடிகளை 5 முதல் 10% கூட்டுங்கள். வேகத்தைக் கூட்டாதீர்கள்.

ஏசிஎல் (முழங்கால் ஜவ்வு) ஆபரேஷன் ஆகி அஞ்சு மாசம். ஓடலாமா அண்ணா?

மாதத்தை மட்டும் எண்ணாதீர்கள் தம்பி. முழங்கால் முழுதாக நீள வேண்டும், வீக்கம் இருக்கக்கூடாது. 30 நிமிட வேக நடைக்கு மறுநாள் காலையிலும் வீங்கக்கூடாது. ஆபரேஷன் செய்த காலில் மட்டும் நின்று, முழங்கால் உள்பக்கம் சாயாமல் பத்து தடவை அரைக் குந்து வர வேண்டும். அந்தத் தொடையின் பலம் மற்றதில் 70 சதவீதமாவது இருக்க வேண்டும். இதை பிசியோதெரபிஸ்ட் அளந்து சொல்வார். எல்லாம் சரியென்றால் மேலே சொன்ன 1 நிமிடக் கணக்கில் சமதரையில் தொடங்கலாம். வீங்கினால் ஒரு படி கீழே.

என் பையனுக்கு 9 வயசு. ஃபுட்பால் கோச்சிங் கேக்குறான். தலையில பந்து முட்டுறது மூளைக்குக் கெடுதல்னு படிச்சேன். அத்லெட்டிக்ஸ்ல போட்டுடவா?

கால்பந்திலேயே விடுங்கள், தலையால் முட்டுவது மட்டும் வேண்டாம். ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். மூளை நரம்புச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு இருந்தது. அதே ஆய்வில் இதய நோய், நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் குறைவு. அதாவது ஓடியது நன்மை செய்திருக்கலாம், சந்தேகம் தலை மோதலின் மேல்தான். அமெரிக்காவில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் தலையால் முட்டக்கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள். கோச்சிடம் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

நேத்து மேட்ச்ல தலையோட தலை மோதிடுச்சு. லேசா கிறுகிறுப்பு. ஞாயித்துக்கிழமை ஃபைனல், ஆடலாமா?

ஆடக்கூடாது. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, ஒரு பக்கம் பலமிழப்பு, குழறும் பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம் இதில் ஒன்று இருந்தாலும் இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இவை இல்லையென்றால் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வீட்டுக்குள் நடக்கலாம். பிறகு நடை, மெதுஓட்டம், தனியாக ஆட்டப் பயிற்சி என்று படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். மோதல் உள்ள பயிற்சிக்கு முன்னால் டாக்டர் சம்மதம் வேண்டும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம், கோப்பை அடுத்த வருடமும் வரும்.

முன்னங்கால்ல வலி. ஓடலாமா, நிறுத்தணுமா?

எலும்பின் உள் ஓரமாக நீளத்துக்குப் பரவிய வலி என்றால் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். ஒரே விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில் வலித்து, ஒற்றைக்காலில் குதித்தால் சுளீர் என்றால் எலும்பில் விரிசல் இருக்கலாம். உடனே நிறுத்துங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சாதாரணம், எம்ஆர்ஐ தேவைப்படலாம்.

ஓட்டம் ஒண்ணே போதுமா?

போதாது. குதிப்பதும் பல திசையில் திரும்புவதும் எலும்பை உறுதியாக்கும். கபடி அதைச் சும்மா கொடுத்துவிடும், நேராக ஓடுவது அவ்வளவு தராது. வாரம் இரண்டு நாள் குந்து, தண்டால், எடை தூக்கல். ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது 15 வீதம் மூன்று சுற்று. இதை மட்டும் தவறவிடாதீர்கள்.

45 வயசு, சுகர் இருக்கு. ஓடும்போது நெஞ்சு பிடிக்குது, நின்னா சரியாயிடுது. கேஸ் பிரச்சினையா சார்?

ஓடினால் வந்து நின்றால் போவதை கேஸ் என்று நினைக்காதீர்கள். இன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள், நாளையே இதய மருத்துவரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது எடுத்த ஈசிஜி நார்மல் என்று வந்தாலும் அது போதாது. எக்கோ (இதய ஸ்கேன்), டிஎம்டி (நடக்க, ஓட வைத்து எடுக்கும் ஈசிஜி) வேண்டுமா என்று கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு பிடித்தால் நாளைவரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.